ஏகாம்பரம் உருட்டிய எட்டு உருண்டைகள்

முழுநிலா பீட்சாவின் 117ஆம் கிளை ஒரகடத்தில், தொழிற்பேட்டைக்குள் பிரியும் சாலையின் முனையில் இருந்தது. காலை பதினொரு மணிக்குக் கதவு திறந்ததும் சுடர்க்கொடி முதலில் செய்கிற வேலை, பதினாறு மேசைகளிலும் நாவொற்றிகளை அடுக்குவது. நாவொற்றி என்பது விரல் நீளத் தாள்துண்டு. வாடிக்கையாளர் பாதிப் பீட்சாவையாவது தின்றபின் அதை நாக்கில் ஒற்றிக்கொள்ள வேண்டும். தாள் நீலமானால் அவர் தின்றது மெய். மெய் என்று தெரிந்ததும் மேசையில் பதித்த மைக் திறந்துகொள்ளும். அதன்பின் நாற்பது சொற்கள் அவருக்குச் சொந்தம்.

சுடர்க்கொடியின் பதவிப் பெயர் கருத்துப் பணியாளர். எட்டு ஆண்டுகளாக அவள் அந்தக் கிளையில் பிறருடைய சொற்களுக்கு வழிசொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல் மேசை, மின் ஆட்டோ ஓட்டும் முனிரத்தினத்துக்கு. வாரம் தவறாமல் வருகிறவர். நீலத்தாளை உயர்த்திக் காட்டிவிட்டு மைக்கின் பக்கம் குனிந்தார்.

“பீட்சா சோக்கா இருந்துச்சு. ஆனா வர்ற வழில குளத்துமேட்டாண்ட ரோட்டுல ஆளுசரம் பள்ளம்…”

மேசையின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் அணைந்தது. பேச்சையும் பண்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொருத்தி என்ற கருவி, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது.

“இன்னா தலைவரே, மறுபடியும் பள்ளமா? பீட்சாவுக்கும் பள்ளத்துக்கும் என்ன சம்பந்தம்னு அது கேக்குமில்ல?” என்றாள் சுடர்க்கொடி.

“சம்பந்தமா? குலுங்கிக் குலுங்கி வந்ததுல பசியே பூட்ச்சு. பசி இல்லாம துன்னா ருசி எங்கேர்ந்து தெரியும்? இத போட்டுப் பாரேன்.”

சுடர்க்கொடி ஒரு கணம் யோசித்து வாக்கியத்தைக் கட்டிக்கொடுத்தாள். முனிரத்தினம் பள்ளிப்பிள்ளை போல ஒப்பித்தார்: “பசியில்லாமல் உண்டதால் ருசி தெரியவில்லை. பசி போகக் காரணம் குளத்துமேட்டுச் சாலைப் பள்ளம்.”

பச்சை விளக்கு. கடை முழுவதும் கைதட்டியது. “பள்ளத்த பீட்சா மேல தூவிட்டாருய்யா!” என்று யாரோ கத்தினார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வதந்தி மூன்று மாவட்டங்களை எரித்தது. அந்தச் சாம்பலின் மேல் எழுந்து நின்று, பொய்யை ஒழிப்போம் என்று சூளுரைத்துப் பிறந்தது நுகர்ந்தோர் உரைச் சட்டம். விலை கொடுத்து நுகர்ந்ததைப் பற்றி மட்டுமே ஒருவர் பொதுவில் பேசலாம். நுகராததைப் பேசுவது குற்றம். கடைதோறும் மாட்டிய கருத்துப்பலகையில் ஏறிய சொல்லையே நீதிமன்றமும் சாட்சியாக ஏற்கும். ஏறிய குறையை விற்றவர் தீர்த்தாக வேண்டும். எவ்வளவு நேர்மையான சட்டம்! படித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இனி உண்மை மட்டுமே ஒலிக்கும் என்று தலையங்கம் தீட்டிய நாளேடுகள், அடுத்த ஆண்டே எதையும் நுகராத காரணத்தால் மூடப்பட்டன.

ஏழைக்கு இந்த நாட்டில் கிடைப்பதில் பாதி இலவசம். இலவசத்துக்கு விலையில்லை. விலையில்லாததைப் பற்றிப் பேச வாயுமில்லை. விலையில்லா அரிசியில் புழு நெளிந்தால் புழுவைத் தின்னலாம், புழு என்று சொல்லக்கூடாது. அரசுப் பள்ளியின் கூரை விழுந்தால் விழுந்த கூரையின் கீழே கிடக்கலாம், விழுந்தது என்று கூறக்கூடாது. உழைப்பவன் கதையோ இன்னும் கேவலம். அவன் கூலி வாங்குகிறவன், எதையும் வாங்கி நுகர்கிறவன் அல்லன். ஆகவே தான் உழைக்கும் ஆலையைப் பற்றி அவன் ஊமை. ஆயிரம் பேர் வேலை செய்யும் கூடத்தில் ஆயிரம் நாக்குகள் இருந்தன. சட்டத்தின் கண்ணுக்கு அங்கே ஒரு நாக்கும் இல்லை.

ஊரிலேயே மலிவாகப் பேசும் உரிமை கிடைத்த இடம் முழுநிலாதான். அந்தப் பீட்சாவைத் தின்பதும் அது வந்த அட்டையைத் தின்பதும் பல்லுக்கு ஒன்றே. ஆனாலும் மக்கள் வரிசையில் நின்றார்கள். வீட்டிலேயே சொற்களை எண்ணி, ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்கள். குழாய் வறண்டதையும் மருத்துவர் வராததையும் சீஸுக்கும் தக்காளிக்கும் நடுவில் எப்படியாவது செருகிவிடத் தவித்தார்கள்.

அந்த வரிசையில் அன்று அஞ்சலையும் நின்றாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் தரை துடைக்கிறவள். நாற்பது வயதிருக்கும். ஏற்கெனவே மூன்று முறை வந்து, மூன்று முறையும் சிவப்பு விளக்கோடு திரும்பியவள். அவளைக் கண்டதும் சுடர்க்கொடி ஓடிப்போய்க் கையைப் பிடித்து அடுப்பின் பக்கம் அழைத்துக்கொண்டு வந்தாள்.

“யக்கா, உக்காரு. ஒரு விசயம் இருக்குது.”

“இன்னா விசயம்? அந்த மிசினு இன்னிக்கும் என்னிய பேச வுடாது. தெரிஞ்சுதான் வந்தேன். சும்மா குந்தி இருந்துட்டாவது போலாம்னு வந்தேன்.”

அஞ்சலையின் தம்பி ஏகாம்பரம், வல்லத்தில் உள்ள முழுநிலாவின் மாவுக்கூடத்தில், பிசையும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று மாவு உருண்டை போடுகிறவனாக இருந்தான். எண்பத்திரண்டு நாட்களுக்கு முன் அவன் இறந்தான். அன்று அவன் வேலைக்கே வரவில்லை, சாலையில் எங்கோ அடிபட்டான் என்று நிறுவனம் எழுதிக்கொடுத்தது. அவன் உடலைக் கழுவியவள் அஞ்சலை. அவன் தலைமுடியில் மாவு காய்ந்து பிடித்திருந்தது. சாலையில் அடிபட்டவன் தலையில் மாவு எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியைத்தான் அவள் மூன்று முறையும் மைக்கில் கேட்டாள். நீ தின்ற பண்டத்துக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பில்லை என்று மூன்று முறையும் பொருத்தி சொன்னது. அவள் தின்றவையெல்லாம் அவன் செத்த பிறகு பிசைந்த மாவு.

அடுப்பு பார்க்கும் தாவூத், முன்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, உறைபனி படர்ந்த ஒரு பெட்டியை மேசைமேல் வைத்தார்.

“படிம்மா. மேல ஒட்டியிருக்கறத படி.”

அஞ்சலை பனியை விரலால் தேய்த்தாள். தொகுதி எண். தேதி. காலை முறை. அதன்கீழே உருட்டியவரின் கையெண்: 4417.

மாவுக்கூடத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் எட்டு உருண்டைகள். உருட்டியவனின் எண்ணைப் பெட்டியின்மேல் ஒட்டியாக வேண்டும். குறை வந்தால் யாருடைய கூலியைப் பிடிப்பது என்று தெரிவதற்காக நிறுவனம் செய்த ஏற்பாடு அது. உறைந்த மாவுக்குத் தொண்ணூறு நாள் ஆயுள். பழைய பெட்டியை முதலில் எடுக்க வேண்டும் என்பது கிளைகளுக்கு விதி.

“நான் என்னிக்கும் புதுசத்தான் மொதல்ல எடுப்பேன். புதுசுன்னா சீக்கிரம் உப்பும், அடுப்புல வேல சுளுவு. பழசெல்லாம் பின்னாடியே கெடக்கும். அதுக்காக எத்தினி மெமோ வாங்கியிருக்கேன் தெரியுமா? நேத்து சுடர் சொன்னதும் மூலைல கைய வுட்டேன். மத்த எந்தக் கிளையிலயும் இந்தத் தேதி இல்ல. கேட்டுப் பார்த்துட்டேன்,” என்றார் தாவூத்.

அஞ்சலை அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவன் செத்த அன்னிக்கு தேதி இது. வேலைக்கே வர்லன்னு எழுதுனாங்களே…”

“வராதவன் கையெண் பெட்டி மேல எப்பிடி வந்துச்சு?” என்றாள் சுடர்க்கொடி. “யக்கா, இத நீ வாங்கித் துன்னா, இதப் பத்திப் பேசலாம். பொருத்தியால ஒண்ணும் பண்ண முடியாது. பண்டமே இதுதானே!”

“துன்னணுமா?”

“பாதியாச்சும்.”

அஞ்சலையின் கை பெட்டியை மூடிக்கொண்டது. “அவன் கடசியா தொட்டது இது. வூட்ல வெச்சி கும்புட வேண்டியதும்மா. இத என்னியே துன்னு முடிக்கச் சொல்றீங்க.”

“கும்புட்டா கம்பெனிக்கு சந்தோசம் தங்கச்சி,” என்றார் தாவூத். “கும்புடறதுக்கு அவங்க தட ஒண்ணும் போடல. பேசறதுக்குத்தான் போட்டிருக்காங்க. துன்னு.”

பதினைந்து நிமிடத்தில் பீட்சா வந்தது. அஞ்சலை முதல் துண்டை எடுத்தாள். மென்றாள். விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்தாள். மறுபடி மென்றாள். முனிரத்தினம் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பாதி முடிந்ததும் சுடர்க்கொடி நாவொற்றியை நீட்டினாள். தாள் நீலமாயிற்று. மைக் திறந்தது.

“இந்த மாவ உருட்டுனது என் தம்பி ஏகாம்பரம்,” என்று அஞ்சலை தொடங்கினாள். “பெட்டி மேல அவன் கையெண் இருக்குது, தேதி இருக்குது. அன்னிக்கு அவன் வேலைக்கே வர்லன்னு கம்பெனி சொன்னது பொய். அவன் மெசின்ல மாட்டித்தான் செத்தான். அவன் தலைமுடில இருந்த மாவ நான்தான் கழுவுனேன். அதே மாவுதான் இது.”

பச்சை விளக்கு ஒருமுறைகூடக் கண்ணிமைக்கவில்லை. இன்னும் ஏழு சொற்கள் மீதமிருப்பதாகத் திரை காட்டியது. எதற்கு என்று தெரியாமலே அஞ்சலை அவற்றில் நான்கைப் பயன்படுத்திக்கொண்டாள்.

“நல்லாத்தான் உருட்டியிருக்கான் என் தம்பி.”

கடையில் எவரும் கைதட்டவில்லை. திரையில் ஐந்து விண்மீன்கள் மெல்ல எழுந்து நின்றன. எத்தனை என்று தொட்டால் கருத்து பதிவாகிவிடும்.

“எத்தினிம்மா அமுக்கணும்?” என்று கேட்டாள் அஞ்சலை.

சுடர்க்கொடிக்கு விடை தெரியும். இரண்டுக்குக் கீழே போட்டால் ஒரு சொல்லும் வெட்டுப்படாமல் முழு உரையும் குறைப்பலகைக்குப் போகும், அங்கிருந்து ஆய்வாளருக்கும் நீதிமன்றத்துக்கும் போகும். அதற்கு மேலே போட்டால் சுருக்கி என்ற இன்னொரு கருவி விண்மீன்களுக்கு ஏற்பச் சொற்களைத் தறித்துவிடும். ஒன்று என்று சொல்ல வேண்டும். ஒன்று விழுந்தால் அந்த மேசையின் கருத்துப் பணியாளரும் அந்தப் பீட்சாவைச் சுட்டவரும் அன்று மாலையே வெளியேற வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்று என்பது மூன்றெழுத்துச் சொல், அவ்வளவுதான். அவள் மேசையில் கிடந்த நாவொற்றிகளை அடுக்கத் தொடங்கினாள்.

அஞ்சலை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்பின் பக்கம் நின்ற தாவூத்தின் சூடுபட்ட கைகளைப் பார்த்தாள். முழுநிலாவுக்குக் குறைத்துப் போட்டால் வேலையாட்கள் தலையில் விடியும் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அங்கே வருகிற ஏழைகள் எவரும் ஐந்துக்குக் குறைத்துப் போட்டதில்லை. அது அவர்களுக்குள் பேசாமலே ஏற்பட்டிருந்த வழக்கம். பேசியதே போதுமென்று எழுந்து போய்விடுவார்கள், பலகையில் என்ன ஏறியது என்று நின்று பார்த்தவர் அரிது.

“உங்க பொழப்புல நான் மண்ண போடுவேனா? எனக்காக இவ்ளோ பண்ணீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் ஐந்தாவது விண்மீனைத் தொட்டாள்.

சுடர்க்கொடி மூச்சு விட்டாள். அந்த மூச்சில் நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிக்காக அவள் பிற்பாடு எந்த நாளும் தன்னை மன்னிக்கவில்லை.

நான்கு நிமிடம் கழித்துச் சுவரின் பெரிய கருத்துப்பலகையில் பொன்னிற எழுத்துகள் ஓடின. நாடெங்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு கிளைகளின் சுவர்களிலும், இலட்சக்கணக்கான கைப்பேசிகளிலும் அதே எழுத்துகள் அதே நேரத்தில் ஓடின: “இந்த மாவை உருட்டியது என் தம்பி. நன்றாக உருட்டியிருக்கிறான்! ஓர் அக்காவின் ஐந்து விண்மீன்.”

அஞ்சலை எழுந்து பலகையின் அருகே போய் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தாள். அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். அடுத்த வரி இல்லை.

“செத்தான்னு சொன்னேனே. அது எங்க?”

பொன்னிற எழுத்துகளின் கீழே இருந்த வெற்றிடத்தை அவள் விரலால் தொட்டாள்.

“பொய்யின்னு சொன்னேனே, மிசினுன்னு சொன்னேனே. எங்கம்மா அது?”

“அஞ்சு போட்டா துக்கத்த வெட்டிடும்க்கா,” என்றாள் சுடர்க்கொடி, தரையைப் பார்த்தபடி.

“உனக்கு முன்னியே தெரியுமா?”

“தெரியும்.”

“எத்தினின்னு உன்ன கேட்டேனே!” அஞ்சலையின் குரல் உயரவில்லை. “உன்னத்தானே கேட்டேன்?”

முனிரத்தினம் எழுந்தார். “சரி, வுடுங்க. ஆனது ஆச்சு. இன்னும் ஏழு உருண்ட இருக்குதில்ல? அஞ்சலையம்மாவே இன்னொண்ணு துன்னுட்டு ஒண்ணு போடட்டும்.”

“ஒரே தொகுதியப் பத்தி ஒரே ஆளு ரெண்டு தபா பேச முடியாது,” என்றாள் சுடர்க்கொடி.

“அப்ப நான் துன்றேன். எனக்கு ஏகாம்பரத்த தெரியாட்டி போவுது, பெட்டி மேல இருக்கற நெம்பரயும் தேதியையும் படிக்கத் தெரியும். அத சொல்லி ஒண்ணு போடறேன். இன்னாம்மா சொல்ற?”

சுடர்க்கொடி தாவூத்தைப் பார்த்தாள். ஒரு கணமும் தயங்காமல் அவர் சொன்னார்: “போடச் சொல்லு. வேல போனா போவட்டும். அடுப்பு ஊரெல்லாம் இருக்குது.”

முனிரத்தினம் திரையைத் தொட்டுத் தொகுதியைத் தேடினார். மீதம் ஏழு என்றிருந்தது. அவர் கண்ணெதிரிலேயே அது ஐந்தாயிற்று, மூன்றாயிற்று, ஒன்றாயிற்று. அக்கா புகழ்ந்த தம்பியின் மாவு வேண்டுமென்று நகரமெங்கும் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. விரலை வைக்கும் முன் அது சுழியமாயிற்று. தாவூத் பெட்டியை மறைத்து வைக்கவும் வழியில்லை. குளிர்ப்பேழை உருண்டைகளின் எடையை அறியும். ஒன்று குறைந்தால் கிளையையே பூட்டிவிடும்.

தாவூத் அழுதுகொண்டேதான் ஏழு உருண்டைகளையும் சுட்டார். ஆறு பீட்சாக்களைப் பறவிகள் என்ற ஆளில்லாச் சிறுவிமானங்கள் கூரை வழியே தூக்கிக்கொண்டு பறந்தன. அரைமணியில் கருத்துகள் வந்து பலகையில் ஏறத் தொடங்கின. “கண் கலங்கிவிட்டது. ஐந்து.” “பாசம் தெரிகிறது, சீஸ் தெரியவில்லை. நான்கு.” “தம்பிக்கு வாழ்த்துகள்! மேன்மேலும் வளர்க. ஐந்து.”

அந்த வாழ்த்தைப் படித்தபோது அஞ்சலை வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள்.

ஏழாவது பீட்சா நான்காம் மேசைக்குப் போயிற்று. அங்கே, புதிய அடுக்குமாடியிலிருந்து வந்த ஓர் இளைஞன், காதடைப்பான்களோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். சுடர்க்கொடி காலியான மாவுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னே வைத்தாள்.

“சார், ஒரு உதவி. பெட்டி மேல ஒரு நெம்பர் இருக்குது, ஒரு தேதி இருக்குது. கருத்து சொல்லும்போது அத மட்டும் படிச்சிடுங்க. படிச்சிட்டு ஒரு ஸ்டார் போடுங்க. போதும்.”

அவன் ஒரு காதடைப்பானைக் கழற்றினான். “ஒண்ணா? அவ்ளோ மோசமா இல்லயே, மேடம்.”

“ருசிக்கு இல்ல சார். இத உருட்டுனவர் இந்தக் கம்பெனி மெசின்ல மாட்டிச் செத்துட்டாரு. அன்னிக்கு வேலைக்கே வர்லன்னு எழுதிட்டாங்க. அதோ, அவங்க அக்கா. அவரு வந்தாருன்னு சொல்றதுக்கு இந்த ஒரு பீட்சாதான் பாக்கி. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். அஞ்சலையைப் பார்த்தான். முகத்தில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. நல்ல பள்ளியில் படித்த முகம் அது.

“சாப்பிடறப்ப ஏங்க இதெல்லாம் சொல்றீங்க? எனக்கு அவர தெரியாது. நான் பார்த்தது இல்ல. தெரியாதத பேசக்கூடாதுன்னுதானே சட்டமே வந்துச்சு? அப்படிப் பேசித்தானே அன்னிக்கு ஊரெல்லாம் எரிஞ்சுது? நான் சாப்பிட்டத மட்டும்தான் சொல்வேன்.”

“நெம்பர் பொய்யில்ல சார். உங்க கண்ணு முன்னாடியே இருக்குது.”

“தம்பி, ஒரு வார்த்த தம்பி!” என்று முனிரத்தினம் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார். “உனக்கு இன்னா போயிடப் போவுது?”

“ப்ளீஸ், என்னை சாப்பிட விடுங்க.” அவன் காதடைப்பானை மறுபடி மாட்டிக்கொண்டான்.

அவன் கடைசித் துணுக்கு வரை தின்றான். நாவொற்றியை ஒற்றினான். நாற்பது சொற்கள் அவனுக்காகத் திறந்தன. அந்த மாவைப் பற்றிப் பேச, அந்தத் தேதியைப் பற்றிப் பேச, அந்தக் கையெண்ணின் பெயரைச் சொல்ல, உலகத்தில் இனி மிச்சமிருந்த நாற்பது சொற்கள். அவன் யோசித்து, தன்னளவில் ஒரு பொய்யும் கலக்காமல், நிதானமாகச் சொன்னான்:

“சுமார். மிளகாய்த்தூள் வைக்கவில்லை. சாப்பிடும்போது பணியாளர் ஓயாமல் பேசினார்.”

மூன்று விண்மீன். பச்சை விளக்கு கடைசிச் சொல் வரை எரிந்தது. தொகுதி முற்றிற்று என்று திரை அறிவித்தது.

உடனே குறைமணி அடித்தது. பலகையில் ஏறிய குறைகளை ஐந்து நிமிடத்துக்குள் தீர்க்க வேண்டும். சுடர்க்கொடி இரண்டு மிளகாய்த்தூள் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு நான்காம் மேசைக்கு நடந்தாள். அஞ்சலை அவளைக் கடந்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“பேசுனதுக்கு மன்னிச்சிடுங்க சார்,” என்றாள் சுடர்க்கொடி, விதியில் எழுதியிருந்தபடி மைக்குக்குக் கேட்கும் குரலில்.

“பரவால்ல,” என்றான் அவன். பொட்டலங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பலகையில் எழுத்து மாறிற்று: குறைகள் அனைத்தும் தீர்க்கப்பட்டன.